கோவாப்பு மெம்பர்

ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சட்டமன்ற உறுப்பினர் வருகிறார் என்று பி.டி.ஓ. சொன்னபோது, அது ஒரு பெண்ணாக இருக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. கடிதத்தில் 'கௌரவ உறுப்பினர்' என்று இருந்தது. கௌரவம் என்றாலே மீசை வைத்த ஒருவர்தான் எங்கள் கண்முன் வந்து நின்றார்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஓசூர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றியம் ஒன்றில் கிராம சேவிகாவாக இருந்தேன். ஊர் ஊராகப் போய் மாதர் சங்கம் நடத்துவது, பால் பவுடர் கரைத்துக் கொடுப்பது, புகையில்லா அடுப்பு கட்டச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் என் வேலை. கிருஷ்ணகிரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள் என்பதால் இங்கிலீஷ் நன்றாக வரும். அந்த இங்கிலீஷால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒன்றியத்தின் பெரிய அதிகாரியான பி.டி.ஓ.வே மேலிடத்துக்கு எழுதும் கடிதங்களை என்னிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்வார். அதை நான் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கால்நடைப் பண்ணையைப் பார்க்க வந்த குழு அது. ஐந்து பேர். ஜீப் வந்து நின்றதும் பி.டி.ஓ. பெரிய மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடி, கோட்டு போட்டிருந்த உயரமான மனிதர் கழுத்தில் போட்டுவிட்டார். நாங்கள் கை தட்டினோம். அந்த மனிதர் பதறிப்போய் மாலையைக் கழற்றி, பின்னால் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் இரண்டு கையாலும் நீட்டினார். மஞ்சளும் நீலமுமாகப் பூப்போட்ட துணி உடுத்தி, அதே துணியில் தலைக்கட்டுக் கட்டியிருந்தார் அந்த அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். மாலை வாங்கியவர் அவருக்கு உதவியாக வந்த வேளாண்மை அலுவலராம். பி.டி.ஓ. முகத்தில் ஈயாடவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை இன்றைக்கு எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்றால் எங்கள் பள்ளிப் பாடப்புத்தகத்தில் காடும் யானையும்தான். மிஞ்சிப் போனால் ஆற்றின் பெயர் ஒன்றிரண்டு தெரியும். அங்கே விடுதலை பெற்று சில வருஷங்களே ஆன ஒரு நாட்டில் சட்டசபை இருக்கிறது, அதில் ஒரு பெண் உட்கார்ந்து பேசுகிறாள், அவளுக்கு ஓர் ஆண் அலுவலர் பை தூக்கி வருகிறார் என்பதை என் தலைக்குள் ஏற்றிக்கொள்ளவே நேரம் பிடித்தது. அந்த அம்மா பேசிய இங்கிலீஷைக் கேட்ட பிறகு நான் என் இங்கிலீஷைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் இளநீர் கொடுத்து உட்கார வைத்தோம். அந்த அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்கள் ஒன்றியக் குழுவில் பெண்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார். பி.டி.ஓ. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவர் சமாளித்துக்கொண்டு, ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டும் என்று எங்கள் சட்டமே சொல்கிறது, தேர்தலில் யாரும் வராவிட்டால் மற்ற உறுப்பினர்களே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வார்கள், அவரைக் 'கோ-ஆப்ட் மெம்பர்' என்போம் என்று பெருமையாகச் சொன்னார்.

"எங்கள் சபையிலும் அப்படித்தான். நானும் தேர்தலில் வந்தவள் இல்லை, நியமித்தார்கள். சமையல் செய்துகொண்டிருந்தேன், ரேடியோவில் என் பெயரைச் சொன்னார்கள். அடுப்பை அணைக்கவும் மறந்துபோனேன்" என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. "நாளைக்கு அப்படி ஒரு உறுப்பினரை நான் பார்க்க வேண்டும். அவர் ஊருக்கே போய்ப் பார்க்க வேண்டும்" என்றார்.

அவர்கள் பண்ணைக்குப் போனதும் பி.டி.ஓ. என்னிடம் பட்டியலைத் தள்ளினார். "ஜீப் போற ரோடு இருக்கணும். வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசற பொம்பளயா இருக்கணும். பாருங்க."

பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். உத்தனப்பள்ளிச் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஓர் ஊர். பெயர் வேண்டாம். வியாழக்கிழமைதோறும் நான் மாதர் சங்கம் நடத்தப் போகிற ஊர்தான். அந்த ஊரின் கோ-ஆப்ட் மெம்பர் என்று எழுதியிருந்தது, கீழ்த்தெருவில் யாருடைய வீட்டு வாசலில் நான் சங்கம் நடத்துகிறேனோ அந்த அக்காவின் பெயர். மூன்று வருஷமாக உறுப்பினராம். மூன்று வருஷத்தில் நான் எத்தனை வியாழக்கிழமை அந்த வாசலில் உட்கார்ந்து எழுந்திருப்பேன்! எனக்குத் தெரியாது.

அக்கா கூலிக்காரி. கேழ்வரகு அறுக்கப் போவாள், களை எடுக்கப் போவாள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், சந்தைக்குப் போனால் கன்னடம். மூன்றிலும் வாய் அடங்காதவள். அந்தத் தெருவுக்குக் கிணறு இல்லை. மேல்தெருக் கோயில் மேட்டில் புதிதாக வெட்டிய கிணற்றுக்குத்தான் போக வேண்டும். போனாலும் கீழ்த்தெருக் குடம் உள்ளே இறங்கக் கூடாது. மேல்தெருக்காரர்கள் யாராவது இறைத்து ஊற்றும் வரைக்கும் ஓரமாக நிற்க வேண்டும். விடிகாலையில் போனவள் வெயில் ஏறித்தான் திரும்புவாள். இதற்காக அக்கா சொல்லச் சொல்ல நான் நான்கு மனு எழுதியிருந்தேன். நான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது: 'ஊராட்சியின் ஏகமனதான தீர்மானத்தின்படி கிணறு அமைக்கப்பட்டுவிட்டது.'

முதல் பதிலைப் படித்துக் காட்டியபோது அக்கா கேட்டாள்: "ஏகமனதான்னா இன்னாங்மா?"

"எல்லாரும் ஒரே மனசா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்கா."

"எல்லாருமா? ஒருத்தர்கூடவா எங்களுக்காவ வாயத் தொறக்கல?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ஒருத்தர் யார் என்று திட்டினாள். ஒரு வியாழன் முழுக்கத் திட்டினாள்.

பட்டியலை மூடிவிட்டு அன்று மத்தியானமே பஸ் பிடித்துப் போனேன். அக்கா அறுப்புக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"அக்கா, நீங்க மெம்பராமே? என்கிட்ட சொல்லவேயில்ல!"

"ஆமாங்மா, கோவாப்பு மெம்பர். உங்களுக்குத் தெரியும்னு இருந்தன். நீங்கதான சர்க்காரு?"

எனக்கு ஒரே சந்தோஷம். "நாளைக்கு வெளிநாட்டுலேர்ந்து ஒரு பெரிய அம்மா உங்களப் பாக்க வர்றாங்க. அவங்களும் மெம்பர்தான்" என்றேன். "வரட்டுங்மா. அவுங்க ஊருல சக்கர எவ்ளோ குடுக்கறாங்கன்னு கேக்கணும்" என்றாள். நான் சிரித்துவிட்டு வந்தேன். சர்க்கரை ஏன் வந்தது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலி போட்டு, மாவிலை கட்டி, ஊர்த் தலைவர் வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றார். பஞ்சாயத்து கிளார்க் காதில் பேனா. அக்கா வெளுத்த புடவை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, வாசலுக்கு வெளியே நின்றாள். ஜீப்பிலிருந்து இறங்கிய அந்த அம்மா நேராக அவளிடம் போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அந்த அறைக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

"பஞ்சாயத்தில் கடைசியாக என்ன பேசினீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"போன மாசம்தான் பேசினங்க. சக்கர அரைக்கிலோதான் வருது, புள்ளகுட்டிக்காரி எப்பிடி ஓட்டறதுன்னு கேட்டன்."

"யாரிடம்?"

"கிளார்க்கய்யாகிட்டத்தான். அவுருதான கோவாப்பு பொஸ்தகம் எடுத்தாரது?"

கிளார்க் குறுக்கே விழுந்து, "ஸ்டாம்பு பேடு எடுத்துப் போவேன்ல, அதச் சொல்லுது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோ-ஆப்ட் மெம்பர் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளார்க் சொன்னதை அக்கா கோ-ஆப் மெம்பர் என்று கேட்டிருக்கிறாள். கூட்டுறவுச் சங்கத்தை எங்கள் பக்கத்தில் கோ-ஆப் என்போம், அக்கா வாயில் அது கோவாப்பு. கோ-ஆப் கடை சர்க்கரைக்காகத்தான் மாதாமாதம் விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். ஊராட்சி உறுப்பினர் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அவள் பஞ்சாயத்துக்கு வந்ததில்லை, பஞ்சாயத்துதான் புத்தகமாக மாதத்துக்கு ஒருமுறை அவள் வாசலுக்கு வந்து அவள் கட்டைவிரலை வாங்கிப் போயிருக்கிறது.

மேல்தெருவில் எந்த வீட்டு ஆணும் தன் வீட்டுப் பெண் பெயரை அலுவலகத்தில் எழுத விடவில்லை. கூட்டத்துக்கு வரவே மாட்டாள், வந்தாலும் பேச மாட்டாள் என்று பார்த்துத்தான் கீழ்த்தெருக் கூலிக்காரியைச் சேர்த்திருக்கிறார்கள். பேச மாட்டாளாம்! அவள் வாயைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா அமைதியாக, "தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். தலைவர் பி.டி.ஓ.வைப் பார்த்தார், பி.டி.ஓ. கிளார்க்கைப் பார்த்தார். விருந்தாளி கேட்டுவிட்டார், இல்லை என்று சொல்ல முடியாது. தடித்த அட்டைப் புத்தகம் வந்தது. அந்த அம்மாவுக்குத் தமிழ் எழுத்து புரியாது. ஆனால் கைரேகை எந்த மொழியிலும் கைரேகைதான். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போய், ரேகை இருந்த ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இது இவருடையதா? இதில் இவர் எதற்குச் சம்மதித்திருக்கிறார்?"

நான் குனிந்து படித்தேன்.

'கீழ்த்தெருவில் தோண்ட அனுமதிக்கப்பட்ட குடிநீர்க் கிணற்றை, இடவசதி கருதி, மேல்தெருக் கோயில் மேட்டருகே தோண்டுவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' முன்மொழிந்தவர் என்று தலைவரின் தம்பி பெயர். வழிமொழிந்தவர் என்று அக்காவின் பெயர். எதிரில் அவளுடைய இடது கைப் பெருவிரல் ரேகை.

கிணறு முதலில் கீழ்த்தெருவுக்கே வந்திருக்கிறது! அதை மேட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி வழிமொழிந்தவள் அக்காவாம். யாரை ஒரு வியாழன் முழுக்கத் திட்டினாளோ அந்த ஒருத்தர் அவளேதான். தலைவர் மேல் வந்த கோபத்தில் அந்தப் புத்தகத்தையே அவர் தலையில் போட்டிருப்பேன். ஆனால் அதற்குள் என் கண் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

ரேகைக்கு அடியில் சின்ன எழுத்தில் 'என் முன்னிலையில் வைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து. பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் அதை நான் எத்தனை பக்கம் போட்டுப் பழகினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

எப்படி வந்தது என்று நினைத்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. வியாழக்கிழமைகளில் பால் பவுடர் பதிவேடு, வருகைப் பதிவேடு, விதைப் பாக்கெட் பதிவேடு எல்லாவற்றிலும் பெண்கள் ரேகை வைப்பார்கள், அடியில் நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். கிளார்க் அந்த நேரம் பார்த்து வந்து, "சேவிகம்மா, இதையும் ஒண்ணு கிறுக்கிடுங்க" என்று ஒரு புத்தகத்தை நீட்டுவார். பக்கத்தின் மேல்பாதியை அவர் கை மறைத்திருக்கும். நான் பேசிக்கொண்டே போடுவேன். போட்டுவிட்டு மைக்கூட்டை மூடச் சொல்லி அதட்டவும் செய்வேன்.

"நீங்கள் ரொம்ப நேரம் படிக்கிறீர்கள்" என்றார் அந்த அம்மா.

"ஒரு கிணற்றைப் பற்றிய தீர்மானம்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

"இது யார் கையெழுத்து?"

"சாட்சி."

"யார்?"

"ஒரு அரசாங்க ஊழியர்" என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்கா என் முந்தானையை இழுத்தாள். "இன்னாங்மா எழுதிருக்குது? என் வெரலுதான அது?"

தலைவர் சிரித்துக்கொண்டே, "அது ஒண்ணுமில்ல, பழைய கணக்கு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தீர்மானத்தை மறைக்க என்னால் ஆகவில்லை. அப்படியே சத்தமாகத் தமிழில் படித்தேன். அர்த்தமும் சொன்னேன். கோவாப்பு வேறு, கோ-ஆப்ட் வேறு என்றும் சொன்னேன்.

அக்கா முதலில் சிரித்தாள். நான் ஏதோ கேலி பேசுகிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. பிறகு தலைவரைப் பார்த்தாள். கிளார்க்கைப் பார்த்தாள். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"எங்க கெணத்த நானே வாணாம்னனா?" என்றாள்.

அவள் தன் இடது கைக் கட்டைவிரலைப் புடவையில் துடைத்தாள். மை ஒன்றும் இல்லை. இருந்தும் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேலே மொழிபெயர்க்க ஒன்றுமில்லை, அந்த அம்மாவுக்கும் மொழி தேவைப்படவில்லை.

"இவரிடம் சொல்லுங்கள்" என்றார் என்னிடம். "எங்கள் சபையில் நாங்கள் இரண்டே பெண்கள். போட்டோ எடுக்கும்போது முதல் வரிசையில் உட்கார வைப்பார்கள். முதல் வருஷம் முழுக்கப் பக்கத்து நாற்காலிக்காரர் கை தூக்கினால் நானும் தூக்கினேன். சந்தையில் எங்கள் பெண்கள் கடை போடும் இடத்தை எடுத்துக்கொள்ளும் சட்டத்துக்கும் தூக்கினேன். என் அம்மாவே அங்கே கடை போட்டிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அவள் எனக்குச் சோறு போடவில்லை. அதற்கப்புறம் நான் யார் பக்கத்திலும் உட்காருவதில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன்."

நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "அவுங்களுக்குப் படிக்கத் தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். "தெரிஞ்சுமா?" என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர்கள் அன்று சாயங்காலமே பெங்களூர் போய்விட்டார்கள். ஜீப்பில் ஏறும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த அரசாங்க ஊழியரிடம் சொல்லுங்கள், அந்தப் பெண் இதை வேறு யார் வழியாகவும் தெரிந்துகொள்ளக் கூடாது" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊராட்சி அலுவலகத்தின் விருந்தினர் பதிவேட்டில் அவர் கையெழுத்துக்கு நேரே நானும் ஒன்று போட்டிருந்தேன், வாலை இழுத்து, இரண்டு புள்ளி வைத்து. அதைப் பார்த்திருக்கலாம்.

அடுத்த வியாழன் நான் அந்த ஊருக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கடுத்த வியாழன் போகாமல் இருக்க முடியவில்லை. பி.டி.ஓ. இதற்குள் கீழ்த்தெருக் கிணறு பற்றி ஊராட்சியின் கருத்தை எழுத்தில் கேட்டிருந்தார். வெளிநாட்டு விருந்தாளி எங்கேயாவது எழுதிவிடுவாரோ என்ற பயம்தான் அவருக்கு. எப்படியோ கேட்டுவிட்டார்.

அக்கா வாசலில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் முருங்கைக்கீரையில் என்ன சத்து இருக்கிறது என்று யாருக்கும் தேவையில்லாத ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தேன். கிளார்க் சைக்கிளில் வந்து இறங்கினார். கக்கத்தில் அதே புத்தகம், கையில் ஸ்டாம்ப் பேடு.

"இந்தாம்மே, வெரல நீட்டு. கெணத்து வெசயந்தான்" என்றார் அக்காவிடம்.

அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "நானு வெக்கமாட்டன். மொதல்ல சேவிகம்மா கையெழுத்துப் போடட்டும். அவுங்க போட்டா அடியில நானு வெக்கறன்."

"எப்பவும் நீ வெச்சப்புறந்தான அவுங்க?"

"இனிமே அவுங்கதான் மொதல்ல. அவுங்க படிச்சவங்க. படிச்சுப் பாக்காம போடமாட்டாங்க."

கிளார்க் என்னைப் பார்த்துச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. பேனாவைத் திறந்து, பக்கத்தின் மேல்பாதியில் கையை வைத்து மறைத்தபடி, புத்தகத்தை என் முன்னால் நீட்டினார். "போடுங்க சேவிகம்மா. வழக்கமா போடற மாதிரியே" என்றார். நீ வாயைத் திறந்தால் நானும் திறப்பேன் என்று அதற்கு அர்த்தம். எனக்கு நன்றாகவே புரிந்தது.

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. அவளுக்குப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை. போட்டுவிட்டால் முடிந்தது, பெயரும் வேலையும் பத்திரம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அவர் கையை நகர்த்தினேன். படித்தேன். 'கீழ்த்தெருவாசிகள் மேல்தெருக் கிணற்றிலேயே தடையின்றி நீர் எடுத்து வருவதால், தனிக் கிணறு தேவையில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

தெரு முழுக்கக் கேட்கும்படி இரண்டு முறை படித்தேன். 'தடையின்றி' என்ற இடத்தில் ஒருத்தி எழுந்து நின்று திட்ட ஆரம்பித்தாள். கிளார்க் புத்தகத்தைப் பிடுங்கப் பார்த்தார். "பெரிய யோக்கியம் மாதிரி! போன கெணத்துத் தீர்மானத்துல சாட்சி யாருன்னு கேளுங்க!" என்று கத்தினார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். "நான்தான்கா. உங்க ரேகைக்கு அடியில என் கையெழுத்துத்தான் இருக்குது. அன்னைக்கு அதையும் பாத்தேன். சொல்லல."

அக்கா இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஞ்சாயத்து அறையில் தலைவரைப் பார்த்தாளே, அதே பார்வை.

"படிக்காமயா போட்டீங்க?"

"ஆமாக்கா."

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வாயைப் பற்றித்தான் எனக்குத் தெரியுமே! திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் வெறுமனே கேட்டாள்:

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்மா. உங்களுக்கு இன்னா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கிளார்க் பக்கம் திரும்பி, "அந்த ஏகமனதான்றது எந்த எடத்துல இருக்குது?" என்றாள். நான் விரலை வைத்துக் காட்டினேன்.

"அத அடி."

"அடிக்கல்லாம் முடியாது. எழுதியாச்சு."

"நானு மெம்பரு. அடின்றன்."

பேனாவை அவர் கொடுக்கவில்லை. அக்கா ஸ்டாம்ப் பேடை அவர் கையிலிருந்து வாங்கினாள். கட்டைவிரலை அழுத்தி மையில் தோய்த்து, அந்தச் சொல்லின் மேலேயே வைத்து, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக இழுத்தாள். ஏகமனதாக என்பது ஊதா மைக்குள் மறைந்துபோயிற்று.

மறுவாரக் கூட்டத்துக்கு அக்கா போனாள். நாற்காலி யாரும் போடவில்லை. அறை நடுவில், எல்லோரையும் விட்டுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாளாம். கீழ்த்தெருவுக்குக் கிணறு வர மேலும் ஒன்றரை வருஷம் ஆயிற்று. பாறையை உடைத்துத்தான் தண்ணீர் வந்தது. அதற்கு முன்பே எனக்கு ஜவளகிரிக்கு மாற்றல் வந்துவிட்டது. மாற்றல் உத்தரவை வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடும்போது, அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஆனால் அந்த வியாழக்கிழமை இன்னும் முடியவில்லை. அடித்த பக்கத்தை அக்கா என் பக்கம் தள்ளினாள். மை படிந்த விரலால், எனக்கான இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இப்பப் போடுங்க. இதுக்கு நீங்கதான் சாட்சி" என்றாள்.